கொம்பு யாருடையது

"இது என்னடி?" என்று கேட்டாள் அத்தை.

"மைல," என்றாள் வாண்டு.

"இது?"

"தைல."

"இது?"

"கைத!"

அச்சுப் புத்தகத்தில் இருந்தவை மலை, தலை, கதை. நாலு வயது வாண்டுவிடம் ஒரு தயக்கமும் இல்லை. பாராட்டுக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

அத்தை பள்ளிக்கூட டீச்சர். தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி மனைவியிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"இவளுக்கு எழுத்து முன்னபின்னா தெரியுது. டாக்டர்கிட்ட காட்டணும்."

"போன வாரம் வரைக்கும் 'மரம்', 'பாட்டு' எல்லாம் சரியாத்தான் படிச்சா, அண்ணி."

"இப்ப பாத்தேல்ல? வீட்டுல நானே சொல்லிக் குடுக்குறேன்னு ஒத்தக் கால்ல நின்னே. நாளைக்கே டாக்டர் நம்பர் வாங்கித் தர்றேன்."

அத்தை போன பிறகு வாண்டுவின் அம்மாவுக்கு வேலை ஓடவில்லை. ஒரு சட்டையின் வலது கையை இடது தோளில் வைத்துத் தைத்தாள். பிரித்தாள். மிஷினை மூடினாள்.

வாண்டு தரையில் துணிப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தாள். அம்மா தைத்த புத்தகம். பக்கத்துக்கு ஒரு சொல், மிஞ்சிய துண்டுகளில் வெட்டிய எழுத்துகள். மலை, தலை, கதை என்று கொம்பு வரும் பக்கங்களை இந்த வாரம்தான் சேர்த்திருந்தாள். தலைக்கு மேல் வேலை. "நீயே படிச்சுக்கோடி" என்று விட்டுவிட்டாள். குழந்தை படித்ததை மிஷின் சத்தம் விழுங்கிவிட்டது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"படி, பாக்கலாம்."

வாண்டுவின் விரல் 'ம'வைத் தடவியது. அடுத்து நின்ற கொம்பையும் தடவியது. "மை." பிறகுதான் தாண்டிப் போனது. "ல."

"கொம்பு முன்னாடி நிக்கும். ஆனா அது 'ல'வோடதுடி, தங்கம்."

"இல்ல."

"என்ன இல்ல?"

"'ம' சிவப்பு. கொம்பு சிவப்பு. 'ல' நீலம்." இதுகூடத் தெரியாதா என்பது போல் பார்த்தாள். "சிவப்பு சிவப்போடதானே இருக்கும்?"

அம்மா பக்கங்களைத் திருப்பினாள். 'த' பச்சை, கொம்பும் பச்சை. 'க' மஞ்சள், கொம்பும் மஞ்சள். ஓர் எழுத்தை வெட்டி மீந்த துண்டிலேயே அடுத்த கொம்பையும் வெட்டியிருந்தாள். துணியை வீணாக்கிப் பழகாத கை.

சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கியது.

"அடிப்பாவி!"

"யாரும்மா?"

"நான்தான்."

பிளேடால் சிவப்புக் கொம்பின் தையலைப் பிரித்தாள். நீலத்தில் ஒன்று வெட்டி 'ல'வை ஒட்டித் தைத்தாள். அதுவரை வாண்டு அவள் முழங்கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"ம." விரல் நீலத்துக்கு வந்து நின்றது. "லை. மலை! அம்மா, மலைம்மா!"

அத்தை விட்டுப்போன அச்சுப் புத்தகத்தை விரித்து முன்னால் வைத்தாள் அம்மா. அதில் எல்லாமே கறுப்பு.

"கைத," என்றாள் வாண்டு.

அம்மா வாயைத் திறந்தாள்.

"இரு, சொல்லாத!" வாண்டு புத்தகத்தின் மேல் கவிழ்ந்து இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டாள். "க," என்றது குரல். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தை."

தலை நிமிர்ந்தது. முகத்தில் லேசான ஏமாற்றம்.

"'கதை'ன்னு மட்டும்தான் போட்டிருக்கு. கதை எங்கம்மா?"