மடித்து அடித்த கடல்

1

இந்தக் கதை டக்காரில் கிடைத்தது. ஓவியக்கூடத்து வெளிச்சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். மோமார் வந்து, "தப்புப் பண்ணிட்டேன், யார்கிட்டயும் சொல்லாதே" என்றான். சொல்லவில்லை. எழுதுகிறேன்.

'கடற்கரையில் காற்று மெல்ல' என்று தொடங்கினேன். காற்றுக்கு இங்கே என்ன வேலை? அடித்துவிட்டேன்.

2

ஓவியர்கள் இரண்டு பேர். பிராம் கடற்கரையை வரைந்தால் ஈ உட்கார இடமிருக்காது; சிவப்பும் மஞ்சளும் விளிம்புவரை முட்டும். கும்பா ஜோப் மூலையில் ஒரு நீலப் படகை வைத்துவிட்டு மிச்சத் துணியை அப்படியே விட்டுவிடுவாள். அந்த வெறுந்துணிதான் அவளுக்குக் கடல்.

மோமார் ஞாய் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணியடிப்பவன். பிராமின் துணிகளிலேயே கை பழகியவன். அவற்றில் வண்ணம் இல்லாத இடம் என்றால் சட்டத்துக்குப் பின்னால் மடித்து அடிக்க விட்ட இடம். கும்பாவின் துணியையும் அப்படியே நினைத்தான். படகளவுக்குச் சட்டம் அறுத்து, கடல் முழுவதையும் பின்னால் மடித்து அடித்துவிட்டான்.

(இவ்வளவு அசடாக ஒருவன் இருப்பானா என்று யோசித்தேன். அசடு இல்லை. பழக்கம்.)

3

சுவரில் மாட்டியதைப் பார்த்த பிராம், "கடைசியில கும்பாவும் என் வழிக்கு வந்துட்டா" என்றான். என்ன வழி என்று விசாரித்தபிறகுதான், தான் மடித்து அடித்த வெறுந்துணிதான் அவள் கடல் என்று மோமாருக்குத் தெரிந்தது. சொன்னால் இனி யாரும் அவனிடம் துணி தரமாட்டார்கள். சொல்லாவிட்டால் அவள் கடல் முதுகுப்பக்கமே கிடந்து சாகும். சாயங்காலம் திறப்பு விழா.

4

கும்பாவை வாசலிலேயே மறித்துச் சொல்லிவிட்டான்: "ஜோப்பு, உன் கடலைப் பின்னால மடிச்சு அடிச்சுட்டேன்."

ஞாய், ஜோப் இரண்டும் குலப்பெயர்கள்; இரண்டு குலத்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி முறை. என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது. எதையும் நம்பவும் வேண்டாம்.

"சோத்துப்பானைய முழுங்குற ஞாய்க் கூட்டம் கடலை மட்டும் விட்டு வைக்குமா? நகருடா."

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

5

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவள், 'இதுவும் நல்லாத்தான் இருக்கு' என்றாள். அது மோமாருக்காக எழுதியது. கிழித்தேன். இன்னொன்றில் அவன் பின்வாசல் வழியாக

இல்லை, அவன் ஓடவில்லை. அவளை முந்திப் போய், கூட்டம் பார்க்கப் படத்தைக் கழற்றி முதுகுப்பக்கம் திருப்பிக் காட்டினான். ஆணி வரிசைக்குள் துணி கனத்துக் கிடந்தது. கும்பா அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தச் சிரிப்பு நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்கள் பாருங்கள்.