மோட்டார் கொட்டகை

ஐஸ் பெட்டியின் பிளக்கைச் செருகியதும் அது உறுமத் தொடங்கியது.

"இவ்வளவு சத்தமா இருக்கே, வேற பெட்டி கெடைக்கலையா?" என்றார் யாரோ.

ஆனந்தவல்லி நிமிரவில்லை. கண்ணாடிக்குள் அவள் புருஷன் துரைக்கண்ணு கிடந்தார். சத்தம் இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

ஒன்பது வருஷமாக அவர் காதுக்குள் ஒரு சில்வண்டு. அறுவடை மிஷின் ஓட்டிச் சம்பாதித்தது. மருந்து கிடையாது, பழகிக்கொள்ளுங்கள் என்று தஞ்சாவூர் டாக்டர் கைவிரித்துவிட்டார். வேறு ஏதாவது இரைந்தால் வண்டு கொஞ்சம் அடங்கும். அதனால் படுக்கும்போது ஸ்டேஷன் பிடிக்காமல் ரேடியோவை இரைய விடுவார். அவள் எழுந்து அணைப்பாள். அவர் மறுபடி போடுவார். ஒருநாள் சொல்லிவிட்டாள்: "நான் தூங்க வேணாமா? சத்தம்தான் வேணும்னா மோட்டார் கொட்டாயில போய்ப் படுங்க."

மறுநாளே பாயைச் சுருட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். ஆறு வருஷம். மழையிலும் பனியிலும் அவள் கூப்பிடவில்லை. நன்றாகத் தூங்கினாள்.

இன்று விடியலில் களை பறிக்கப் போன ராஜாத்திதான் அவர் கிடந்ததைப் பார்த்து ஓடி வந்து சொன்னாள். மோட்டார் அப்போதும் ஓடிக்கொண்டிருந்ததாம். இப்போது வாசல் படலைத் தாண்டாமல் நின்றாள்.

"நிக்கிறதப் பாரு," என்றாள் துரைக்கண்ணுவின் அக்கா மங்களாம்பிகை. "பொண்டாட்டி வீட்டுல இருக்க, இவனுக்கு வயல்ல படுக்கை. ஊரே சிரிச்சுது. விடியறதுக்குள்ள இவளுக்கு அங்க என்ன களை?"

ராஜாத்தி தலை குனிந்தாள்.

ஆனந்தவல்லிக்கு இது புதிய பேச்சில்லை. புருஷனைத் துரத்தியவள் என்ற பேருக்கு இது தேவலை என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"அப்படியெல்லாம் இல்ல அண்ணி," என்றாள். "அவங்களுக்குக் காது இரைச்சல். ரேடியோ சத்தம் எனக்கு ஆகல. நான்தான் அங்க போகச் சொன்னேன். ராஜாத்திக்கு ஒண்ணும் தெரியாது."

மங்களாம்பிகை அவளையே பார்த்தாள். பிறகு இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு அழுதாள்.

"செத்தவன் மானத்தக் காப்பாத்த, பழியத் தன் தலையில போட்டுக்குறா பாருங்கடி. இப்படி ஒருத்தி இருந்தும் அவனுக்குப் புத்தி போச்சே."

"நெசமாத்தான் அண்ணி."

"விடும்மா. எனக்குத் தெரியாதா."

படலுக்கு அப்பால் ராஜாத்தியைக் காணவில்லை. ஒருத்தி ஆனந்தவல்லியின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள். இன்னொருத்தி காப்பியை ஆற்றி நீட்டினாள். "காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. குடி."

அவள் டம்ளரை வாங்கி, அடிக் கசடுவரை குடித்தாள்.