இடிந்த வீட்டு முகவரி

அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே மூச்சில் மாரடித்து அழுதால் எப்படி இருக்கும்? லிஃப்டுகளுக்கு மென்பொருள் எழுதும் அந்த அலுவலகத்தில் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் விடிந்தது. அழுதது கம்பைலர். மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் அந்த மகராசி, திரை வழிய ஒரே எச்சரிக்கையை அறுநூற்றுப் பன்னிரண்டு தடவை கொட்டினாள்: தொங்கு சுட்டி, தொங்கு சுட்டி! அதாவது, இடித்துத் தள்ளிய வீட்டின் முகவரியை நிரல் இன்னும் மடியில் முடிந்து வைத்திருக்கிறதாம். அதை நம்பிப் போனால் அங்கே குப்பைமேடு இருக்கலாம், பாழுங்கிணறும் இருக்கலாம்.

பெரும்பாலும் பொய். வீட்டை இடிக்கும் முன்பே முகவரியை அழித்திருப்பார்கள். அதைப் பார்க்கத் தெரியாமல் கத்துவாள்.

கத்தலை அடக்கும் வேலை ஒருவர் தலையில் விழுந்தது. ஐம்பது வயது. மகள் படிப்பு இன்னும் முடியவில்லை. வேறு எங்கே வேலை கேட்டாலும் வாசலிலேயே சிரித்து அனுப்பிவிடுவார்கள். அலுவலகமே அவரை ‘ஒப்பாரி’ என்றுதான் கூப்பிட்டது. கட்டடத்து லிஃப்டின் அபாய மணிகூட அவர் மேசைத் தொலைபேசியில்தான் அடிக்கும். “ஓலமெல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும்” என்று மாப்பிள்ளை செய்த ஏற்பாடு.

மாப்பிள்ளை என்றால் முதலாளிக்கு மாப்பிள்ளை, இவர்களுக்கெல்லாம் மேலாளர். மாப்பிள்ளையிடம் போய்க் குறை சொல்ல முடியுமா?

“மூணு வாரம். புது மென்பொருளைப் பாக்க விருந்தாளிங்க வர்றப்ப எச்சரிக்கை பூஜ்யமா இருக்கணும். இல்லேன்னா ஒப்பாரியை உங்க வீட்டுல போய் வைங்க” என்றார் மாப்பிள்ளை.

ஒப்பாரி கம்பைலருக்குப் பாடம் எடுத்தார். ‘நிரல் வெளியேறும் எல்லா வாசலையும் எட்டிப் பார். முகவரியை அழித்துவிட்டுப் போகிறதா? அப்படியானால் வாயை மூடு.’ எண்ணிக்கை இருநூறானது, நாற்பதானது. கடைசி நாள் காலை ஒன்றே ஒன்று மிச்சம்.

திறந்து பார்த்தார். இது பொய்யில்லை. லிஃப்ட் கதவைக் கவனிக்கும் நிரலில் ஐந்து வாசல். நான்கில் முகவரி அழிகிறது. கதவில் ஏதாவது சிக்கினால் மட்டும், ஐந்தாவது வழியாக அழிக்காமல் ஓடுகிறது. எழுதியவர் மாப்பிள்ளை.

“சார், இது நிஜம். கதவுல எதாவது மாட்டுச்சுன்னா, எந்த மாடியில நிக்கிறோம்னே லிஃப்டுக்கு மறந்துடும்.”

“அறுநூத்திப் பதினொண்ணு பொய்யாம், என்னோடது மட்டும் நிஜமாம்! கேட்டீங்களா கதையை?”

கூடமே சிரித்தது. சிரிக்காதவரை மாப்பிள்ளை ஞாபகம் வைத்துக்கொள்வார் என்பதால், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்கூட மூக்கு வழியாகச் சிரித்துவைத்தார்.

“ஒரே ஒரு வரிதான் சார், நானே திருத்தி...”

“நான் எழுதுனதைத் திருத்துற அளவுக்கு வளந்துட்டீங்களா?” மாப்பிள்ளை குனிந்து, மோதிரம் போட்ட விரலாலேயே எச்சரிக்கையை அணைக்கும் வரியைத் தட்டினார். திரையில் பூஜ்யம். “மூணு வாரம் எதுக்குங்க? மூணு செகண்ட் வேலை. நான் கேட்டது பூஜ்யம், நீங்க குடுத்தது ஒண்ணு. கிளம்புங்க.”

கால் மணி நேரத்தில் நாற்காலி போனது, திரை போனது, பெயர்ப் பலகை போனது. சுவரோடு கம்பி பிணைந்திருந்ததால் தொலைபேசி மட்டும் மிஞ்சியது.

விருந்தாளிகள் வந்தார்கள், கைதட்டினார்கள். மாப்பிள்ளை அவர்களை, அந்தப் புது மென்பொருளில் ஓடும் கட்டடத்து லிஃப்டுக்குள் அழைத்துப் போனார். ஒரு விருந்தாளியின் பை வார் கதவில் சிக்கியது. ஆறே மாடி உள்ள கட்டடத்தில் லிஃப்ட், தான் நாற்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தோராம் மாடியில் இருப்பதாக அறிவித்துவிட்டு, நடுவில் நின்று விளக்கையும் அணைத்துக்கொண்டது.

வெறும் மேசையில் தொலைபேசி அலறியது. கணக்கு முடித்து, அட்டைப்பெட்டியோடு அப்போதுதான் படிக்கட்டை எட்டியிருந்த ஒப்பாரி நின்றார்.

“அண்ணா, லிஃப்ட் மணி அடிக்குது. எடுக்கலையா?” என்றாள் பக்கத்து மேசைப் பெண்.

அவர் கை பழக்கத்தில் நீண்டது. நாற்காலி இருந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் மடங்கிக்கொண்டது.

“அந்த இடத்துல யாரும் இல்லையேம்மா.”

“அப்ப நான் எடுக்கட்டுமா?”

“அதான் பூஜ்யம்னு சொல்லிட்டாங்கல்ல? பொய் எச்சரிக்கையாத்தான் இருக்கும்.”

பெண் அவரைப் பார்த்தாள், தொலைபேசியைப் பார்த்தாள். பிறகு, சற்று முன் சிரித்த அதே வாயை இறுக்கிக்கொண்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அவர் படியிறங்கினார். மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே, சுவருக்குள்ளிருந்து தடதடவென்று தட்டும் சத்தம், கூடவே மாப்பிள்ளையின் குரல்.

“ஒப்பாரி சார்! சார்! யாராவது இருக்கீங்களா?”

அவரை யாரும் இத்தனை உருக்கமாகக் கூப்பிட்டதில்லை. பெட்டியைக் கீழே வைத்து, சுவரில் காதை வைத்து, அந்தக் கூக்குரலின் ராகம் தேயும்வரை நின்று கேட்டார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலையில்லாத தெருவுக்கு இறங்கினார்.