மேதையின் மறதி

மின்சாரக் குக்கரின் மூடியைத் திறந்த மால்சுன் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே புது அரிசி பச்சைத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. கூடத்தில் சூசோக் அறுவடைத் திருநாள் படையலுக்கு மீன், பேரிக்காய், கறிச்சாறு எல்லாம் பரப்பியாகிவிட்டது. முன்னோர்கள் வந்து உட்காரும் நேரம்.

"சொல்ஹீ! சோறு எங்கடி?"

மருமகள் எட்டிப் பார்த்தாள். காலையில் குக்கர் ஸ்விட்சைப் போடப் போனவள், படையலுக்குப் பின்னால் வைக்கும் மடிப்புத்திரை ஆடுவதைக் கண்டாள். ஸ்குரூ தேடி மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே சட்டைப் பொத்தான் டப்பா. பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்து முடித்தபோது மனசு நிறைந்திருந்தது. திரை ஆடிக்கொண்டேயிருந்தது.

"மறந்துட்டேன் அத்தை."

"மறந்துட்டு வர்றதுக்கு இது என்ன குடையா? உங்கம்மா என்னத்தடி சொல்லி வளர்த்தா?"

அந்த நேரம் பார்த்து, படையலுக்குச் சாராயம் வாங்கப் போன சொல்ஹீயின் புருஷன் தேகியூ வெறுங்கையோடு வந்தான்.

"சாராயம் எங்கப்பா?" என்றார் அவனுடைய பெரியப்பா.

தேகியூ தன் கைகளைப் பார்த்தான். "கார் கூரை மேல வெச்சுட்டுக் கதவைத் திறந்தேன். அப்புறம்... ஓட்டிக்கிட்டு வந்துட்டேன்."

கூடமே சிரித்தது. "கணக்கு வாத்தியார் மண்டையில சாராயம் எங்க நிக்கும்!" என்று பெரியப்பா அவன் முதுகில் தட்டினார். சமையலறையிலிருந்து மால்சுனும் சிரித்தாள். "அவங்கப்பாவும் இப்படித்தான். பெரிய மூளை!"

சொல்ஹீ ஸ்விட்சைப் போட்டாள். படையல் நேரத்தில் பெண்கள் போய் நிற்காத கூடத்தின் நடுவில் போய் நின்றாள்.

"போன மாசம் டாக்டர்கிட்ட போனேன். எனக்கு ஏடிஎச்டின்னு கவனக் குறைபாடு இருக்காம்."

"பெரியவங்க முன்னாடி இது எதுக்கு?" என்று தேகியூ கிசுகிசுத்தான்.

பெரியப்பா புருவத்தைச் சுருக்கினார். "அது பெஞ்சு மேல ஏறிக் குதிக்கிற பசங்களுக்கு வர்றதாச்சே! நீ எங்கம்மா குதிச்ச?"

"நான் உள்ளுக்குள்ள குதிக்கிறேன் பெரிய மாமா. நெத்திக்குப் பின்னாடி, 'இது முதல்ல, அது அப்புறம்'னு மூளை வரிசை போடுற இடம் இருக்காம். எனக்கு அங்க சேதி சரியாப் போய்ச் சேர்றதில்ல. பிடிச்ச வேலையில உக்காந்தா பசியே தெரியாது. மத்த வேலையெல்லாம் கையில இருக்கும்போதே காணாமப் போயிடும். சோம்பேறித்தனமும் இல்ல, வளர்ப்பும் இல்ல. பொறப்புலயே வர்றது. சாவி தொலையும், பேச்சு பாதியில நிக்கும். அப்பன்கிட்டயிருந்து பிள்ளைக்கும் வருமாம்."

எல்லார் தலையும் மெல்லத் திரும்பியது. தேகியூ, முன்னோர்களுக்கு வைத்த இலந்தைப்பழத்தில் நாலாவதை மென்றுகொண்டிருந்தான்.

"என் பையனை இதுல இழுக்காத," என்றாள் மால்சுன். "அவனுக்கு இருக்கறது மறதி இல்ல, யோசனை!"

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி மூளைதான் அத்தை. அவர் மறந்ததை எடுத்துக் குடுக்க நான் இருக்கேன். எனக்கு யாரு இருக்கா?"

தேகியூ மெல்லுவதை நிறுத்தினான். விழுங்குவதா துப்புவதா என்று அவனுக்கு விளங்கவில்லை.

சோறு வெந்தது. கடையிலிருந்து வேறு சாராயம் வந்தது. முன்னோர்கள் சாப்பிடட்டும் என்று பெரியப்பா சோற்றில் கரண்டியை நட்டார். எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். மலைபோல் பாத்திரம் சேர்ந்தது. அதைத் தேய்க்க சொல்ஹீ ஒருத்திதான்.

மால்சுன் பூனைபோல் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அதுக்கு மாத்திரை ஏதும் குடுத்தாரா?"

"குடுத்தார். காலையில போட மறந்துட்டேன்." சொல்ஹீ பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"கேக்குதா?"

"கேக்குது அத்தை. முதல் தடவை போட்டப்போ, தலைக்குள்ள கத்துற சந்தையையே யாரோ இழுத்து மூடின மாதிரி இருந்துச்சு. அழுதுட்டேன்."

மால்சுனின் முகம் இளகியது. மருமகளின் ஈரக் கையைத் தடவிக் கொடுத்தாள். அப்படியே அட்டையை வாங்கித் தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இது தேகியூவுக்கு இருக்கட்டும். பாவம், அவனுக்குப் பதவி உயர்வு வர்ற நேரம். நீ வீட்லதானே இருக்க? கொஞ்சம் கவனமா இருந்துக்கோ."

சொல்ஹீ கையைத் துடைத்தாள். மாமியாரின் ஏப்ரன் பைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்தாள். ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

"அவருக்கு வேணும்னா அவரே டாக்டர்கிட்ட நேரம் வாங்கட்டும் அத்தை," என்றாள். "வாங்கின தேதியையும் அவரே ஞாபகம் வெச்சுக்கட்டும்."