கிளிப் இல்லாத ஃபிரிட்ஜ் கதவு

மூட்டை என்பது பூனையின் பெயர், கண்ணுகளா. பெயருக்கேற்ற உடம்பாகத்தான் இருந்தான். ஒரு சமயம் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் குடித்துக் குடித்து, நன்றாகத் தின்றும் தோல் தொங்க இளைத்துப் போனான். மிருக டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டுச் சர்க்கரை என்றார். காலையில் ஓர் ஊசி, மாலையில் ஓர் ஊசி.

"முதல்ல சாப்பாடு, அப்புறம்தான் ஊசி. சரியா சாப்பிடலைன்னா ஊசியைத் தொடாம எனக்குப் போன் பண்ணுங்க" என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார்.

அந்த வீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி தையல்காரி. மற்றவள் அவளுடைய அண்ணி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அண்ணனுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி நாள் கடலில்தான். பெண்கள் இருவரும் பேசி எட்டு மாதம் ஆகிறது. தைத்த துணியை வாங்க வந்தவர் முன்னால், "இந்தச் சட்டைக் கை கொஞ்சம் கோணலா இருக்கே" என்று அண்ணி வாயை விட்டுவிட்டாள். பதினெட்டு வருடமாகக் கத்தரி பிடித்த தையல்காரிக்குப் பொறுக்குமா?

பேச்சு நின்றாலும் குடித்தனம் நடக்க வேண்டுமே! பூனை வழியாக நடந்தது.

"மூட்டை, உன் அத்தைகிட்ட சொல்லு, கேஸ் தீரப்போகுது" என்பாள் அண்ணி.

"கேட்டுச்சுன்னு சொல்லு மூட்டை. அத்தைக்கு ஒண்ணும் காது செவிடு இல்ல."

ஊசிக்கு மட்டும் ஓர் அடையாளம் வைத்திருந்தார்கள். போட்டவர் ஃபிரிட்ஜ் கைப்பிடியில் துணி காயப்போடும் சிவப்புக் கிளிப்பை மாட்டிவிட வேண்டும். மற்றவர் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

அன்று காலை தையல்காரி எட்டு மணிக்கு வந்து பார்த்தபோது கைப்பிடியில் கிளிப் இல்லை. வாசலில் ஒரு அம்மாள் சீருடைத் துணியோடு அவசரப்பட்டாள். தையல்காரி கிண்ணத்தில் சாப்பாடு வைத்தாள். மூட்டை இரண்டு வாய் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. வாசலில் மறுபடி கதவு தட்டப்பட்டது. ஊசியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஒன்பதரைக்கு மிஷினுக்கு அடியில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தால் மூட்டை. குடித்தவனைப் போல் தள்ளாடி, கால் மடங்கி, தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாயில் எச்சில் ஒழுகக் கிடந்தான். காது நுனியில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்து மீட்டரில் வைத்தாள். எண்பதாவது இருக்க வேண்டிய சர்க்கரை முப்பத்து நான்கு. எட்டு மாதமாகத் தொடாத எண்ணை அழுத்தினாள்.

"என்னாச்சு? அவருக்கு ஏதாவதா?" அண்ணியின் குரல் பதறியது. கெட்ட செய்தி இல்லாமல் இவள் கூப்பிட மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. அண்ணி, காலையில ஊசி போட்டீங்களா?"

"ஆறரைக்கே போட்டேனே. கிளிப்பை… ஐயோ, வேன் திரை பிள்ளைங்க மூஞ்சில அடிக்குதுன்னு, திரையில மாட்ட நான்தான் அதை உருவிட்டு வந்துட்டேன்."

"நானும் போட்டுட்டேன் அண்ணி. அவன் சரியாக்கூட சாப்பிடல."

"பிள்ளைங்களை இறக்கிட்டேன், இதோ வரேன். டாக்டரம்மாவுக்குப் போன் போடு, போ!"

டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். "தேனை விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க. வாயில ஊத்திடாதீங்க, மூச்சுல ஏறிடும். தடவிட்டே கொண்டு வாங்க."

வேன் வந்தது. குழந்தைகள் உட்காரும் குட்டை சீட்டில் தையல்காரி முழங்காலை மடக்கி உட்கார்ந்து, துண்டில் சுற்றிய மூட்டையின் ஈறில் தேன் தடவிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் அவன் உடம்பு விறைத்து வெட்டி இழுத்தது.

"விரலை எடுத்துடு, கடிச்சிடப் போறான்!" என்று கண்ணாடியில் பார்த்துக் கத்தினாள் அண்ணி.

"கடிக்கட்டும். அப்படியாவது கடிக்கட்டும் அண்ணி."

"பைத்தியமே, எடுடி கையை! அடங்கினதும் தடவு."

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். எண் அறுபதுக்கு ஏறியது. பெருமூச்சு விடுவதற்குள் நாற்பத்தெட்டுக்கு இறங்கியது. ரெட்டை ஊசியின் வேகம் இன்னும் அடங்கவில்லை என்றார் டாக்டரம்மா. மூட்டை கண்ணைத் திறந்தான். ஆனால் முன்னால் ஆட்டிய விரலைப் பார்க்கவில்லை.

"பார்வை போயிருக்கு. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். இப்ப விழுங்க முடியுது. தானா சாப்பிட ஆரம்பிச்சா எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரும். இன்னைக்குச் சாயங்கால ஊசி கிடையாது. நான் சொல்ற வரைக்கும் எதுவும் போடக்கூடாது."

"நான்தான் அவனை…" என்று தொடங்கினாள் தையல்காரி.

"அதெல்லாம் அப்புறம் பங்கு போட்டுக்கலாம்" என்றாள் அண்ணி. விரல் நுனியில் சாப்பாட்டை எடுத்து அவன் மூக்கருகே நீட்டினாள். அவன் அசையவில்லை.

"மூட்டை, மூட்டைக்குட்டி" என்று தையல்காரி உடைந்த குரலில் கூப்பிட்டாள். காது திரும்பியது. நாக்கு மெல்ல வெளியே வந்து ஒரு தடவை நக்கியது.

ஒரு மணி நேரம் அப்படியே போனது. எண் ஐம்பத்தொன்று, நாற்பத்தொன்பது, ஐம்பத்து மூன்று.

"எத்தனை வாய் ஆச்சு அண்ணி?"

"எண்ணாதே, கூப்பிட்டுக்கிட்டே இரு. உன் குரல் கேட்டாத்தான் வாயைத் திறக்கறான்."

கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தையல்காரிக்குத் தொண்டை வறண்டுபோயிருந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டாள்.