ஹலோவுக்கு மேல் ஒரு சொல்

ஜூலை வெயிலில், ஓமாஹாவுக்கு வெளியே இருந்த அந்த ஆடுகளத்தின் கம்பி வேலியோரம், தங்கள் டீமுக்கு ஆள் தேடி வந்த காலேஜ் கோச்சுகள் மடக்கு நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சட்டையில் காலேஜ் பெயர், தலையில் காலேஜ் தொப்பி, வாயில் சூரியகாந்தி விதை. பேசத்தான் அனுமதி இல்லை. ஒருத்தி பந்தை எறிய ஒருத்தி மட்டையால் அடிக்கிற சாப்ட்பாலைப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஆடுவதைப் பார்க்கலாம். பார்க்கிறோம் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும்படி உட்காரலாம். எதிரே வந்துவிட்டால் ஹலோ சொல்லலாம். அந்தப் பெண் பதினோராம் வகுப்புக்குப் போகும்வரை அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. அதுதான் விதி.

"நாமெல்லாம் என்ன கோச்சா, சோளக்கொல்லை பொம்மையா?" என்றாள் ரெனாட்டாவின் பக்கத்து நாற்காலி கெயில். கான்சாஸ்காரி, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். "பொம்மைக்காவது காக்கா பயப்படும்."

ரெனாட்டா சிரித்தாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. அது எதிரே இருந்த கூட்டத்தில் ஒரு பெண்ணையே தேடிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் ஹேட்டி. பதினான்கு வயது. ஆறு வயதுக் குழந்தையாக இருந்தபோது, அப்பா டேரலின் கையைப் பிடித்துக்கொண்டு ரெனாட்டாவின் வீட்டுக்குள் வந்தவள். பெற்றவள் கொலராடோவில் வேறொரு குடும்பத்தோடு இருந்தாள். டேரலும் ரெனாட்டாவும் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. ஆகவே ஒத்துவராமல் போனபோது பிரிவதற்குக் கோர்ட்டும் தேவைப்படவில்லை. வாடகை வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு டேரல் அயோவாவுக்குப் போனான். சாமான்களோடு ஹேட்டியும் போனாள். ஆறு வருஷம் சோறூட்டி, பல் விழுந்தபோது பார்த்து, காய்ச்சலுக்கு விழித்திருந்தவளுக்கு அந்தப் பிள்ளைமேல் என்ன உரிமை என்று கேட்டால், காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பேசிக்கொண்டிருந்தார்கள். போன ஆகஸ்டில் ஹேட்டி ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்தாள். அன்றிலிருந்து விதிப்படி அவள் வெறும் பிள்ளை இல்லை. எந்தக் காலேஜும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆட்டக்காரி. ரெனாட்டாவோ காலேஜ் கோச். போன் நின்றது.

"பதினோராம் வகுப்பு வரைக்கும்தான், கண்ணு," என்று கடைசி ஞாயிற்றுக்கிழமை சொன்னாள் ரெனாட்டா.

"எங்கம்மாவும் கொஞ்ச நாளைக்குத்தான்னு சொல்லிட்டுத்தான் போனா," என்றது எதிர்முனை.

அதற்குப் பிறகு பார்ப்பதற்கு ஒரே வழிதான் மிஞ்சியது. ஹேட்டி எங்கே ஆடுகிறாளோ அங்கே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் உட்காருவது.

ஆட்டம் தொடங்கப் போகிற நேரம். ஹேட்டி தலைவிரி கோலமாக, கையில் சீப்போடு நேராக வந்து நின்றாள்.

"ஹலோ."

"ஹலோ, ஹேட்டி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"எங்களுக்குத் தலை பின்னி விடற லோரியோட அம்மா இன்னிக்கு வரல. அப்பா பின்னினா மாட்டுக்குக் கயிறு திரிச்ச மாதிரி இருக்கு. மூஞ்சில முடி விழுந்தா எப்படிப் பந்து எறியறது?"

"டீம்ல பின்னத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தியும் இல்லையா?"

"இருக்காங்க."

"அப்ப?"

"அப்ப ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு ஹேட்டி, ரெனாட்டாவின் முன்னாலிருந்த பெஞ்சில், முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சீப்பைத் தோளுக்கு மேலே நீட்டினாள். அவ்வளவுதான். ரெனாட்டாவின் கை விதியைக் கேட்டுக்கொண்டா நீளும்?

"ரொம்ப வளந்துட்டே."

"நீ குள்ளமாயிட்டே."

"எறியறப்ப வலது தோளை இறக்கிப் பிடிக்கறியே. வலிக்குதா?"

"இல்ல. இழுக்காத, மெதுவா. இப்ப நீ ரூலை மீறிட்டியா?"

"மீறிட்டேன்."

"ஜெயில்ல போடுவாங்களா?"

"ஃபாரத்துல போடுவாங்க."

ஹேட்டி சிரித்தபோது பின்னல் கையில் குலுங்கியது. ரெனாட்டா தன் மணிக்கட்டிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி நுனியில் சுற்றினாள். பெண் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடிப் போனாள்.

கெயில் நாற்காலியையே வேறு பக்கம் திருப்பிப் போட்டிருந்தாள். "வெயில் கண்ணைக் கூசுது. நான் எதையும் பாக்கல."

"பாத்தே. திங்கட்கிழமை நானே போய்ச் சொல்லிடறேன்."

"அடி பைத்தியமே! ஒரு சடை போட்டதுக்கா?"

"இந்த வரிசையில அத்தனை பேரும் பாத்தாச்சு. வேற எவளாவது சொன்னா, ஏதோ மறைச்சுப் பண்ணினோம்னு அந்தப் பொண்ணு பேரும் சேந்து கெடும்."

காலேஜில் விதிமுறைகளைக் கவனிக்கிற அதிகாரி லெஸ்டர். ஒல்லி மனிதர், கசகசா வைத்த கொலாச்சி ரொட்டியைக் காகிதத் தட்டில் வைத்துக்கொண்டு, துகள் சிந்தாமல் தின்பதையே ஒரு விதிமுறையாக வைத்திருந்தார். ரெனாட்டா விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல நேரத்துல வந்தீங்க! இந்த வருஷம் நம்ம காலேஜ்லேர்ந்து மேல சங்கத்துக்கு ஒரு சின்னக் குத்தம்கூட எழுதிப் போகல. ஒண்ணுமே போகலன்னா, பெருசா எதையோ அமுக்கி வெச்சிருக்கோம்னு நெனைப்பாங்க. கால்ஃப் கோச்சைக் கெஞ்சிட்டேன், மழையில நனையற பையன் எவனுக்காவது ஒரு குடையைக் குடுத்துத் தொலைங்களேன்னு. மனுஷன் அசைய மாட்டேங்குறார்."

"என்னால ஆன உபகாரம்."

"இருங்க, எழுதிக்கறேன். தொட்டீங்களா?"

"தொடாம எப்படி லெஸ்டர் பின்றது?"

"பேசினீங்களா? நம்ம காலேஜுக்கு வான்னு?"

"தோள் வலிக்குதான்னு கேட்டேன்."

"ரப்பர் பேண்ட் யாரோடது?"

"என்னோடது."

லெஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயையோ. அப்ப அது அன்பளிப்பு. அதோட விலையை அந்தப் பொண்ணு ஏதாவது தர்மத்துக்குக் குடுத்துடணும்."

"ரப்பர் பேண்டுக்கா?"

"நான் எழுதின ரூலா, சொல்லுங்க?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் லெஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சின்னக் குற்றம்தான், தண்டனையும் சின்னதுதான். வரும் வசந்தம்வரை ஹேட்டி ஆடுகிற எந்த ஆட்டத்தையும் ரெனாட்டா போய்ப் பார்க்கக்கூடாது.

ரெனாட்டாவின் முகம் செத்துவிட்டது. மற்ற கோச்சுகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உதவிக் கோச்சை அனுப்பிவிட்டுப் போவார்கள். இவளுக்கோ இருந்த ஒரு ஜன்னலையும் அடைத்தாற்போல் ஆயிற்று.

லெஸ்டர் அதைப் பார்த்தார். பதினைந்து வருஷப் பழக்கம். ரொட்டித் தட்டை நகர்த்தி வைத்தார்.

"இன்னொரு வழி இருக்கு. சொல்றதா வேணாமான்னு தெரியல. நீங்க வளத்த பொண்ணு, குடும்பம் மாதிரின்னு எழுதிக் கேக்கலாம். சங்கத்துல, கான்ஃபரன்ஸ் ஆபீஸ்ல, ஒத்துக்குவாங்க. அப்புறம் தினம் பேசுங்க, போய்ப் பாருங்க, தலை பின்னுங்க, ஒருத்தனும் கேக்க முடியாது."

"இதை ஏன் போன வருஷமே சொல்லல?"

"ஏன்னா அதுக்கு ஒரு வெலை இருக்கு. இந்தப் பொண்ணை நாங்க எடுக்க மாட்டோம்னு காலேஜ் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். எப்பவுமே. பேசறது பாசத்துக்குத்தான், ஆள் பிடிக்க இல்லேன்னு நிரூபிக்க வேற வழி கிடையாது. அவளை எடுக்கப் பெரிய காலேஜ்காரங்க வரிசையில நிக்கறாங்க, உங்களுக்கே தெரியும். நாளைக்கு எதிர் டீம்ல நின்னு உங்க பொண்ணுங்களுக்கே எறிவா."

ரெனாட்டா ஜன்னலைப் பார்த்தாள். ஹேட்டி எட்டு வயதில் கொல்லைப்புறத்தில் பந்தை எறிந்துகொண்டே சொன்னது ஒன்றுதான்: பெரியவளானதும் உன் டீமில்தான் ஆடுவேன். பேசாமல் இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் அது நடக்கும். பிறகு காலேஜில் நான்கு வருஷம் தினமும் கண்ணெதிரே இருப்பாள்.

"அவகிட்ட கேக்கணும்."

"கேக்கக்கூடாதே."

"டேரல்கிட்ட?"

"அப்பன்கிட்ட பேசினாலும் அதே ரூல்தான்." லெஸ்டர் போனை எடுத்தார். "ஆனா நான் பேசலாம். அப்பன்கிட்ட அனுமதி வாங்கிட்டு அவ வாக்குமூலத்தை எழுதியே ஆகணும். நீங்க வெளிய உக்காருங்க. கதவு தொறந்து கெடக்கட்டும்."

அவள் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். டேரல் சரியென்று சொல்லிப் போனைக் கை மாற்றுவது ஸ்பீக்கரில் கேட்டது.

"ஹேட்டி, நான் லெஸ்டர். ரெனாட்டா வெளிய உக்காந்திருக்காங்க. நீ பேசறது கேக்கும், பதில் சொல்லக்கூடாது. கதவைச் சாத்தட்டுமா?"

"வேணாம். கேக்கட்டும்."

"சனிக்கிழமை உன்னை நம்ம காலேஜுக்கு வரச் சொன்னாங்களா?"

"இல்ல. தோள் வலிக்குதான்னு கேட்டாங்க. இல்லேன்னேன்."

"சரி, எழுதிக்கறேன்."

"வலிக்குதான்னு உங்க ஃபாரத்துல கேள்வி இருக்கா?"

"அப்படி ஒண்ணும் இல்லம்மா."

"வலிக்குது. ஏப்ரல்லேர்ந்து."

வராந்தாவில் ரெனாட்டா எழுந்துவிட்டாள். லெஸ்டர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"அதை ஏன் அவங்ககிட்ட மறைச்சே?"

"சொன்னா ஆடாதேம்பாங்க. நான் ஆடலேன்னா அவங்க எப்படி வருவாங்க? ஆட்டம் பாக்க மட்டும்தானே நீங்க அவங்களை விடறீங்க?"

லெஸ்டரின் பேனா நின்றுவிட்டது. பிறகு அவர் நிதானமாக, குழந்தைக்குப் புரியும்படி அந்த இன்னொரு வழியைச் சொன்னார்.

"வேணாம்!" என்று சத்தம் வந்தது. "கையெழுத்துப் போடக்கூடாதுன்னு சொல்லுங்க. இன்னும் ஒரு வருஷம்தானே? நான் எறிவேன். என்னால முடியும். ரெனா, கேக்குதா? போடாதே!"

ரெனாட்டா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பதில் சொல்ல அனுமதி இல்லை.

போன் வைக்கப்பட்டதும் உள்ளே வந்து நின்றாள். "எங்க போடணும்?"

"அவ வேணாம்னு சொல்றாளே. நாளைக்கு வரைக்கும் யோசிங்க."

"என்னைப் பாக்கறதுக்காக ஒரு கொழந்தை கையை ஒடிச்சுக்கறா. இதுல யோசிக்க என்ன இருக்கு? எனக்கு எறியறவ வேற எவளாவது கெடைப்பா."

"இவளை மாதிரியா?"

"இவளை மாதிரி இல்ல," என்றாள் ரெனாட்டா. "குடுங்க."

அவள் போட்டாள். காலேஜின் தலைமைப் பொறுப்பில் இருந்தவரும் போட்டார். கான்ஃபரன்ஸ் ஆபீஸிலிருந்து புதன்கிழமை மதியம் பதில் வந்தது. லெஸ்டர் முதலில் டேரலுக்குச் சொன்னார், பிறகு இவளுக்கு. ரெனாட்டா வீட்டுக்குப் போகும்வரை பொறுக்கவில்லை; கார் நிறுத்துமிடத்திலேயே, அனல் பறக்கும் வண்டிக்குள் உட்கார்ந்து போன் போட்டாள்.

"ரெனா," என்றான் டேரல். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளோடு பேசுகிற குரல். "அவ கதவைச் சாத்திக்கிட்டா. உன்னோட பேச மாட்டாளாம்."

"தோளை டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காலையில காட்டினேன். இந்த வருஷம் பூரா பந்தைத் தொடக்கூடாதுங்கறார். எனக்குத் தெரியாமப் போச்சு பாரு. நான் ஒரு அப்பன்."

"என்கிட்டயும்தானே மறைச்சா. கூப்பிடு அவளை."

கதவைத் தட்டுகிற சத்தம். உள்ளேயிருந்து ஏதோ ஒரு கத்தல். டேரல் தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"நீ அவளை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டியாம். அவளைப் பெத்தவகூட எழுதிக் குடுக்கலயாம்."

ரெனாட்டா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். அந்த வார்த்தை போய்த் தைக்க வேண்டிய இடத்தில் தைத்தது. இல்லையென்று சொல்ல முடியுமா? எழுதியது எழுதியதுதான்.

"டேரல், போனைக் கதவுக்குக் கீழ தரையில வை. சத்தத்தைக் கூட்டி வை."

"அவ கேக்க மாட்டா, ரெனா."

"கேக்க வேணாம். எனக்குச் சொல்லணும்."

தரையில் போன் உரசும் ஓசை. ரெனாட்டா சொல்லத் தொடங்கினாள். எதைச் சொல்வது, எதை விடுவது? மே மாதம் ஆலங்கட்டி மழையில் கூரை பொத்துக்கொண்டதைச் சொன்னாள். ஓட்டையை அடைக்க வந்தவன் ஏணியை மறந்துவிட்டுப் போய், அடுத்த நாள் வந்து 'இங்கே ஒரு ஏணி பாத்தீங்களா' என்று அந்த ஏணிமேலேயே சாய்ந்துகொண்டு கேட்டதைச் சொன்னாள். அடுத்த வீட்டு ஹல்டா கிழவி இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டதையும், மாப்பிள்ளைக்குக் காது கேட்காததால்தான் அந்தக் குடித்தனம் ஓடுகிறது என்று ஊரே பேசிக்கொள்வதையும் சொன்னாள். எதிர்முனையில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. வியர்வை கழுத்தில் வழிந்தது. அவளுடைய டீம் பெண்கள் பயிற்சிக்குப் போகிற வழியில் கண்ணாடியைத் தட்டிக் கையசைத்தார்கள். அவள் கையசைத்துவிட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் தொண்டை வறண்டது. நிறுத்தினாள்.

"நிறுத்தாதே." டேரலின் குரல், தரையோடு தரையாகக் குனிந்து கிசுகிசுப்பதுபோல வந்தது. "கதவுக்கு அந்தப் பக்கம் வந்து உக்காந்துட்டா. கீழ நிழல் தெரியுது. அழறாளா சிரிக்கறாளான்னு தெரியல. நீ சொல்லு."

ரெனாட்டா போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்புறம், ஹேட்டி," என்றாள், "நம்ம கொல்லைப்புறத்து மல்பெரி மரத்துல இந்த வருஷம் என்ன ஆச்சு தெரியுமா..."