ஆணியில் மாட்டிய அட்டை

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் மோனிகா படுத்திருந்த கட்டில் முதல் மாடியிலிருந்து கீழ்வீட்டுத் தரையைத் தொடப் பதினோரு மாதம் ஆயிற்று. பொறியியல் தேர்வு முடிவு வந்த மறுநாள் அவள் படுத்தாள். வகுப்பில் மூன்றாவது. ஒரு வாரம் தூங்கட்டும் என்று அம்மா அல்போன்சா ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். இரண்டாவது வாரம் பெருக்கும்போது கட்டிலுக்கடியில் துடைப்பம் நுழையவில்லை. நான்கு கால்களும் தரைக்குள் நான்கு விரற்கடை இறங்கியிருந்தன. சிமெண்டில் கீறல்கூட இல்லை.

கோலார் தங்கவயலிலிருந்து வந்த குடும்பம் அது. மோனிகாவின் அப்பா பீட்டர் வைட்ஃபீல்டில் ஐ.டி. ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். இறங்குகிறவர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை மேலே ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வார். வில்லை தொங்கினால் ஆள் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். கீழே போனவர் ஷிஃப்ட் முடிந்தால் வந்துவிடுவார் என்று பழகிய வீடு, ஆகவே யாரும் பதறவில்லை. அதுதான் அவர்கள் செய்த தவறு. பீட்டர் மகளின் கல்லூரி அடையாள அட்டையை நீல நாடாவோடு கதவோரம் ஆணியில் மாட்டினார். அல்போன்சா டிபன் பாக்ஸ் கட்டினாள்.

மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். ரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாமவர் தரையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு வைட்டமின் எழுதினார். அல்போன்சாவுக்கு மட்டும் ஆறாவது செமஸ்டர் ஞாபகம் வந்தது. டைஃபாய்டு வந்ததில் மோனிகாவின் வருகை எண்பத்துநாலு சதவீதத்தில் நின்றது. எண்பத்தைந்து இருந்தால்தான் தேர்வு எழுதலாம். மருத்துவச் சான்றிதழோடு அல்போன்சா துறைத்தலைவரைப் பார்க்கப் போனாள். அவர் நாற்காலி கொடுத்தார். காய்ச்சலை நம்புகிறேன், ஒரு சதவீதத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்று மரியாதையாகக் கேட்டார். மறுநாளிலிருந்து ஒன்பது நாள் மோனிகா காய்ச்சலோடு வகுப்பில் உட்கார்ந்தாள். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. எண்பத்தைந்து வந்துவிட்டது. அந்த ஒன்பது நாளும் அவளை எழுப்பி, முகம் கழுவிவிட்டு, பஸ் ஏற்றியவள் அல்போன்சாதான்.

படிக்கும்போதே வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. சேரும் தேதியை ஜூலை என்றார்கள், டிசம்பர் என்றார்கள், பிறகு மறு ஜூலை என்றார்கள். காத்திருக்கும் நேரத்தில் ஆன்லைன் பயிற்சிகளை முடிக்க வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. மோனிகா படுத்தபடியே போனில் முடித்தாள். ஒரு சான்றிதழ் வந்த வாரம் கட்டில் ஒரு சாண் இறங்கும். ஏழு சான்றிதழ் வந்தது. எட்டாவதைத் தொடங்கவில்லை, பேச்சும் குறைந்தது. இறங்குவது மட்டும் நிற்கவில்லை.

கீழ்வீட்டில் வீட்டு உரிமையாளர் ரங்கா இருந்தார், கன்னடக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மாடிக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"அக்கா, பாப்பா கட்டில் காலு நம்ம ஹால்ல எறங்கிடுச்சு. ஃபேன் ரெக்கையில இடிக்குது. ஸ்வல்ப ஓரமா படுக்கச் சொல்றீங்களா?"

ஓரமாகப் படுக்க முடியவில்லை. ரங்கா ஃபேனைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேன் வாங்கினார். கட்டில் எந்தப் பிடிமானமும் இல்லாமல் ஹாலின் நடுவே இறங்கிக்கொண்டிருந்த மாதங்களில் அவர் வீட்டார் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து டி.வி. பார்த்தார்கள். அவர் மனைவி மடித்த துணிகளைக் கால்மாட்டில் வைத்தாள். மாநகராட்சி இன்ஜினியர் ஒருவர் வந்து, கூரையில் கட்டில் அளவுக்கு இருந்த ஓட்டையை நாடாவால் அளந்து, விரிசல் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

சேரும் தேதிக்கு இரண்டு வாரம் இருந்தபோது கட்டில் மண்ணுக்குள் ஓர் ஆள் உயரம் போயிருந்தது. வராவிட்டால் வேலை ரத்து என்று கடிதம் வந்தது. பீட்டர் தங்கவயலுக்குப் போய்ப் பழைய சுரங்கத் தொழிலாளி குணசேகரையும் அவருடைய செயின் புல்லியையும் வேனில் ஏற்றிவந்தார். ஆறு பேர் இழுத்தார்கள். கட்டில் ஏறவில்லை. வீடு ஒரு சாண் இறங்கியது. வாசலில் மூன்று படி இருந்தது, இரண்டாயிற்று. கீழேயிருந்து மோனிகாவின் குரல் கேட்டது.

"அப்பா, விட்டுடுங்கப்பா. கை வலிக்கப்போகுது."

குணசேகர் புல்லியைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டார். அவர் டீகூடக் குடிக்காமல் போனார்.

பீட்டர் விடவில்லை. கம்பெனிக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதினார். மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அல்போன்சாவின் போனுக்குப் பேசினாள். திருச்சிப் பக்கத்துத் தமிழ், கனிவான குரல். இந்த வருஷம் எடுத்தவர்களில் இதுபோல நான்கு பேர் இருப்பதாகச் சொன்னாள்.

"வீட்டிலிருந்தே வேலை பண்ணலாம் ஆன்ட்டி, மேல வரணும்னு இல்ல. லேப்டாப் அனுப்பிடுறோம். கீழ சிக்னல் வருதா, அது மட்டும் சொல்லுங்க."

பீட்டர் கயிற்றில் கூடையைக் கட்டிக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். முந்தின நாள் மாலை கீழே மோனிகாவின் போன் மணி தெளிவாக அடித்ததை எல்லோரும் கேட்டிருந்தார்கள். பதினைந்து வருஷமாக ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற அல்போன்சா ஆணியில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள்.

"இல்லம்மா, வரல."

"ஒரு புள்ளிகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

பீட்டர் அவளைப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்துவிட்டு வேனை எடுக்கப் போனார். மதியம் சோறு இறக்கிய கூடை மேலே வந்தபோது அதில் மோனிகாவின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

இப்போது கட்டில் அறுபது அடி ஆழத்தில் இருக்கிறது. ரங்கா ஹாலில் அந்தக் குழிக்கு இரும்புக் கிரில் போட்டு, கூடை போக ஒரு மூடி வைத்திருக்கிறார். சில நாள் டிபன் பாக்ஸ் காலியாக வருகிறது, சில நாள் அப்படியே வருகிறது. அடுத்த தெரு வெங்கடராமனின் மகன் அச்யுத், மூன்று முறை சி.ஏ. தேர்வு எழுதியவன், போன மாதம் நாற்காலியோடு இறங்க ஆரம்பித்தான். வெங்கடராமன் கயிறு பற்றிக் கேட்க வந்தார். தேங்காய் நார் ஈரத்தில் அழுகிவிடும், நைலானே வாங்குங்கள், நீளமாகவே வாங்குங்கள் என்று அல்போன்சா சொன்னாள்.

சனிக்கிழமை வீடு துடைக்கும்போது அவள் அந்த அட்டையையும் துடைக்கிறாள். ஆணியிலிருந்து கழற்றுவதில்லை.